காலையில் தீனிப்பையைத் தொட்டுப் பாருங்கள்

முத்தியால்பேட்டை, லாஸ்பேட்டை என்று புதுச்சேரியில் கொல்லைப்புறத்தில் நாலைந்து நாட்டுக்கோழி வளர்க்கும் நேயர்களுக்கு ஒரு தகவல்.

கோழி கொத்தும் இரை முதலில் தங்குமிடம் தீனிப்பை. கழுத்தின் அடியில், சற்று வலப்பக்கமாக இருக்கும். மாலையில் அடையும்போது புடைத்திருக்கும். விடியலில் வற்றியிருக்க வேண்டும். எனவே கூண்டைத் திறந்ததும், தீனி போடும் முன் தொட்டுப் பாருங்கள்.

கெட்டியாக உருண்டிருந்தால் அது அடைப்பு. நீளப் புல், வைக்கோல், நூல், பிளாஸ்டிக் துண்டு காரணமாகலாம். கோழியைத் தனியே விட்டு, அன்று தீனியை நிறுத்தித் தண்ணீர் மட்டும் வையுங்கள். அலகோரம் இரண்டு மூன்று சொட்டு தேங்காய் எண்ணெய் விட்டு, தீனிப்பையை விரல்களால் மெதுவாக நீவிவிடுங்கள்.

தளதளவென்று நீர் கோத்து, வாயில் புளித்த வாடை அடித்தால் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். அதற்கு மருத்துவர் தரும் மருந்து வேண்டும். தலைகீழாகப் பிடித்துப் பிழியாதீர்கள். நீர் மூச்சுக்குழாயில் இறங்கினால் உயிர் போய்விடும். பிளேடால் கீறித் தைக்கவும் வேண்டாம்.

ஒரு நாளில் வற்றாவிட்டால் குரும்பாபேட் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ, அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்கோ கொண்டுசெல்லுங்கள். பச்சைக் கழிச்சலும் கழுத்துத் திருகலும் சேர்ந்தால் வெள்ளைக்கழிச்சல் நோயாகலாம், சிறிதும் தாமதிக்காதீர்கள்.

வருமுன் காக்க மூன்று வழி: கீரையையும் புல்லையும் பொடியாக நறுக்கிப் போடுங்கள், செரிமானத்துக்குப் பருமணல் வையுங்கள், தண்ணீர்த் தட்டைத் தினமும் கழுவுங்கள்.