பழைய படகு இன்ஜினுக்கு எலெக்ட்ரானிக் இக்னிஷன்: லாபம் என்ன, சிக்கல் எங்கே?

கரையை நெருங்கும்போது படகின் இன்ஜின் திணறி நின்றுவிட்டால், காரைப் போல ஓரங்கட்ட முடியாது. காற்றும் நீரோட்டமும் படகைப் பாறைப் பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கும். அமெரிக்காவில் பழைய பாய்மரப் படகு வைத்திருக்கும் பலர், இன்ஜினில் இருக்கும் 'பாயிண்ட்' செட்டைக் கழற்றிவிட்டு எலெக்ட்ரானிக் இக்னிஷனுக்கு மாறுவதற்கு இந்த பயமும் ஒரு காரணம்.

அங்கே இந்தப் பேச்சில் அடிக்கடி அடிபடும் இன்ஜின் 'அட்டாமிக் 4'. பெயரில்தான் அணு, உள்ளே இருப்பது 30 குதிரைத்திறன் கொண்ட சாதாரண 4 சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின். யுனிவர்சல் நிறுவனம் 1947 முதல் 1984 வரை சுமார் 40,000 இன்ஜின்களைத் தயாரித்தது. கேட்டலினா 30, பியர்சன் 30 போன்ற படகுகளில் அவை இன்னமும் ஓடுகின்றன.

நம்மூர் விசைப்படகுகளுக்கு இந்தக் கதை பொருந்தாது. அவை டீசலில் ஓடுபவை; டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது. ஆனால், பழைய புல்லட் வைத்திருந்த வீட்டில் "பாயிண்ட் கிளீன் பண்ணணும்" என்ற வசனம் கட்டாயம் கேட்டிருக்கும். அதே பாயிண்ட்தான் இது.

பாயிண்ட் எப்படி வேலை செய்கிறது?

டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் ஒரு குட்டி சுவிட்ச் அது. மூடியிருக்கும்போது இக்னிஷன் காயிலில் மின்சாரம் பாயும். சுழலும் கேம் அதைத் திறந்ததும் மின்சாரம் துண்டிக்கப்பட்டு, காயிலில் பல ஆயிரம் வோல்ட் எழும்பி பிளக்கில் பொறி தட்டும். இன்ஜின் நிமிடத்துக்கு 2,000 சுற்று ஓடினால், இந்த சுவிட்ச் 4,000 முறை திறந்து மூட வேண்டும்.

முனைகள் கருகும். கேமில் உரசும் கட்டை தேயும். தேயத் தேய இடைவெளி குறைந்து, பொறி கொஞ்சம் கொஞ்சமாகத் தாமதமாகும். உப்புக்காற்று வேறு. வாரக்கணக்கில் ஓடாமல் கிடக்கும் படகில் முனைகள் பூத்துப்போய், காலையில் கிளப்பினால் மக்கர் பண்ணும்.

மாற்றும்போது பாயிண்டும் கண்டென்சரும் வெளியே வந்துவிடும். கேம் மேல் காந்தங்கள் பதித்த ஒரு வளையம் உட்காரும். பக்கத்தில் சின்ன சென்சார் மாட்யூல். காந்தம் கடக்கும்போது மாட்யூல் மின்சாரத்தைத் துண்டிக்கும். எதுவும் எதிலும் உரசாது என்பதால் தேய்மானம் இல்லை. இரண்டே ஒயர்: சிவப்பு காயிலின் பாசிட்டிவுக்கு, கறுப்பு நெகட்டிவுக்கு. மாற்றிக் கொடுத்தால் மாட்யூல் காலி.

கோட்டை விடும் இடம்

அரை மணி வேலைதானே என்று பழைய காயிலை அப்படியே விட்டுவிடுவதுதான் வம்பு. 12 வோல்ட்டில் 1.5 ஓம் காயில் 8 ஆம்பியர் வரை இழுக்கும். 3 ஓம் காயில் என்றால் 4 ஆம்பியர்தான். 4 சிலிண்டர் இன்ஜினுக்கு 3 ஓமுக்குக் குறையாத காயில் வேண்டும். இல்லாவிட்டால் காயிலும் மாட்யூலும் சூடேறிச் சாகும். காயிலுக்குப் போகும் வழியில் பேலஸ்ட் ரெசிஸ்டர் இருந்தால், மாட்யூலின் சிவப்பு ஒயரை அதற்கு முன்பே இணைக்க வேண்டும். அதற்கு முழு 12 வோல்ட் தேவை. இன்ஜின் நின்ற பிறகு சாவியை 'ஆன்' நிலையிலேயே மறந்துவிடுவதும் ஆபத்து. ஆரம்பகால மாட்யூல்கள் பல இப்படித்தான் கருகின.

காசை மிச்சம் பிடிக்க, கார் கடையில் முழு எலெக்ட்ரானிக் டிஸ்ட்ரிபியூட்டரையே வாங்கி மாட்டும் யோசனை சிலருக்கு வரும். அதை மட்டும் செய்யவே கூடாது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. கசிந்தால் பில்ஜ் எனப்படும் படகின் அடிப்பகுதியில் தேங்கும். காரில் அது சாலையோடு கலைந்துபோகும். படகில் போக வழியில்லை. அதனால்தான் கிளப்புவதற்கு முன் 4 நிமிடம் புளோயர் ஓட விடச் சொல்கிறார்கள். படகுக்கென்று தயாரான டிஸ்ட்ரிபியூட்டரில், உள்ளே எழும் பொறி வெளியே இருக்கும் ஆவியைப் பற்றவைக்காதபடி காற்றுத் துளைகளில் தடுப்பு வலை இருக்கும். கார் டிஸ்ட்ரிபியூட்டரில் அந்தப் பாதுகாப்பை எதிர்பார்க்க முடியாது. பார்ப்பதற்கு இரண்டும் ஒன்றுபோல இருப்பதால்தான் ஏமாறுகிறார்கள். பெட்ரோல் இன்ஜின் படகுகளுக்கு இந்தப் பாதுகாப்பை அமெரிக்க விதிகளே கட்டாயமாக்கியுள்ளன. பழைய டிஸ்ட்ரிபியூட்டரை வைத்துக்கொண்டே உள்ளே மாட்யூலை மட்டும் மாற்றுவது நல்லது என்பது இதனால்தான்.

மாட்டிய பிறகு டைமிங்கைத் திரும்பப் பார்க்க வேண்டும். அட்டாமிக் 4 வைத்திருப்பவர்களுக்கு ஒரு பழைய வழி உண்டு. படகைத் துறையில் இறுக்கிக் கட்டி, கியரில் போட்டு ஓடவிட்டு, டிஸ்ட்ரிபியூட்டரை மெல்லத் திருப்புவார்கள். வேகம் உச்சம் தொடும் இடத்திலிருந்து ஒரு மயிரிழை பின்னுக்கு நகர்த்தி முடுக்கிவிடுவார்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் ஒரு வித்தியாசம் மிச்சம். பாயிண்ட் சொல்லிச் சொல்லித்தான் சாகும்: முதலில் திணறல், பிறகு ஸ்டார்ட்டிங் தகராறு. உப்புத்தாளால் நாலு தேய் தேய்த்தால் கரை வரைக்கும் கொண்டுவந்து சேர்த்துவிடும். மாட்யூல் அப்படியில்லை. ஓடும் வரை பிரமாதம். போனால் ஒரே நொடி. நடுக்கடலில் அதைப் பழுது பார்க்கவும் முடியாது.

எனவே கழற்றிய பாயிண்டையும் கண்டென்சரையும் குப்பையில் போடாமல், ஃபீலர் கேஜ், ஸ்குரூடிரைவருடன் ஈரம் புகாத டப்பாவில் படகிலேயே வைத்திருப்பது நல்லது. திரும்ப மாட்டும்போது கேம் மேலிருக்கும் காந்த வளையத்தை முதலில் உருவி எடுத்துவிட வேண்டும். அது இருந்தால் பாயிண்டின் கட்டை கேமில் உட்காராது.