புதுத் தளத்துத் தண்ணீர்

சித்திரையில் தளம் போட்டு முடித்தார்கள். ஆனி பிறந்த பிறகுதான் இட்லிப்பூச் செடி மஞ்சளாகத் தொடங்கியது. முதிர்ந்த இலைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. கொழுந்து இலைகள் மட்டும் எலுமிச்சம்பழ நிறத்துக்கு வந்தன. அவற்றின் நரம்புகள் பச்சைக் கோடுகளாகத் துருத்தித் தெரிந்தன. கும்பகோணத்தில் எங்கள் பெரியப்பா வீட்டின் பழைய மெட்ராஸ் டெரஸைப் பிரித்துவிட்டுக் கான்கிரீட் போட்ட கோடை அது. இடிபாடு முழுக்கக் கிழக்குப் பக்கம் இறங்கியது. இட்லிப்பூ நின்றதோ மேற்குச் சுவரோரம். அதன்மேல் ஒரு செங்கல் துண்டுகூட விழவில்லை.

“ஒரு மாசமா பழைய புடவையைப் போட்டு மூடி மூடிப் பாத்துக்கிட்டேன். இதுக்கு என்ன ஆச்சுன்னே தெரியலையேப்பா” என்று பெரியம்மா வருத்தப்பட்டார். கிழக்குப் பக்கத்து மல்லிகையும் கறிவேப்பிலையும் தூசியில் குளித்து எழுந்தும் நன்றாகவே இருந்தன. அடிபட்ட செடி பிழைக்க, அடிபடாத செடி ஏன் வாடுகிறது என்ற கேள்வியிலிருந்துதான் இந்த விஷயம் எனக்குப் பிடிபட ஆரம்பித்தது.

வீட்டுக் கூரையை மாற்றுகிறவர்கள் செடிகளைப் பற்றி யோசிக்கும்போது மேலே இருந்து விழுவதையே நினைக்கிறார்கள். ஓடு, செங்கல், ஆணி, தூசி. அந்தப் பயம் நியாயமானதுதான். ஆனால் விழுகிற பொருளைவிட, வழிகிற தண்ணீர் பெரிய கேடு செய்யக்கூடும். பார்வைக்கு அது தெளிந்த நீராக இருப்பதால் யாரும் அதைத் தடுப்பதில்லை.

முதலில் பழைய தளத்தைப் பார்ப்போம். மெட்ராஸ் டெரஸ் என்பது தேக்கு உத்திரங்களின்மேல் சிறு செங்கற்களைச் சாய்கோணத்தில் செங்குத்தாக அடுக்கி, சுண்ணாம்புச் சாந்தால் பிணைத்து, அதற்குமேல் உடைத்த செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கெட்டித்து, தட்டோடு பதித்துச் செய்த தளம். கடுக்காய் ஊறவைத்த நீரும் வெல்லமும் அந்தச் சாந்தில் சேரும். இப்படிப்பட்ட தளத்தை இடிக்கும்போது தெருவே வெள்ளையாகிவிடும். சுண்ணாம்பு என்றதும் செடி வெந்துவிடும் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் எழுபது, எண்பது வருடம் காற்றைக் குடித்த சுண்ணாம்பு பழைய சுண்ணாம்பு அல்ல. நீற்றிய சுண்ணாம்பு, அதாவது கால்சியம் ஹைட்ராக்சைடு, காற்றிலுள்ள கரியமில வாயுவைச் சிறிது சிறிதாக எடுத்துக்கொண்டு மறுபடி சுண்ணாம்புக்கல்லாக, கால்சியம் கார்பனேட்டாக மாறுகிறது. சூளையில் சுட்டபோது எந்த வாயுவை இழந்ததோ அதையே திரும்பப் பெறுகிறது. நீற்றிய சுண்ணாம்பு கரைந்த தெளிநீரின் பிஎச் அளவு 12.4 வரை போகும். சுண்ணாம்புக்கல் தூள் கலந்த நீரின் அளவு 8.3க்குப் பக்கத்திலேயே நின்றுவிடும். கிழக்குப் பக்கத்து மல்லிகை பிழைத்ததற்கு இதுவே முதல் காரணம். அதன்மேல் விழுந்தது பெரும்பாலும் காரம் தணிந்த கிழச் சுண்ணாம்பு.

இரண்டாவது காரணம் பெரியம்மா. தினமும் நாலரை மணிக்கு ஆட்கள் வேலையை நிறுத்தியதும், செடிகளைக் கையால் உலுக்கி, காய்ந்த தூசியை உதிர்த்துவிட்டு, அதன்பிறகே குழாயை நன்றாகத் திறந்துவிட்டுக் கழுவுவார். இந்த வரிசை முக்கியம். காய்ந்த தூசி இலையில் வெயிலை மறைக்கும், இலைத்துளைகளில் சிலவற்றை அடைக்கும், அவ்வளவுதான். பல செடிகளுக்கு இலைத்துளைகள் அதிகமாக இருப்பது இலையின் அடிப்பக்கத்தில். மேலே படிகிற தூசி அவற்றை நேரடியாகத் தொடுவதில்லை. ஆனால் தூசியில் புதுச் சிமெண்ட் இருந்து, அதன்மேல் பனியோ தூறலோ பட்டால் கதை வேறு. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் எல்லிஸ் டார்லி, சிமெண்ட் ஆலைச் சூளைத்தூசியை அவரைச் செடிகளில் தூவிப் பார்த்து 1966இல் ஆய்வு வெளியிட்டார். தூசியோடு ஈரம் சேரும்போதே இலைக்குக் கேடு வருகிறது என்று அதில் காட்டினார். ஈரம் பட்ட சிமெண்ட் சுவரில் செய்வதையே இலையிலும் செய்கிறது: இறுகிப் பொருக்காகிறது, உள்ளே காரம் இறங்குகிறது. அதனால் கொஞ்சமாகத் தண்ணீர் தெளிப்பது கழுவாமல் விடுவதைவிட மோசம். கழுவினால் வழிந்தோடக் கழுவ வேண்டும். அதுவும் இரவுப் பனி இறங்குவதற்குமுன்.

மூடுவதற்குப் பழைய பருத்திப் புடவையைப் பெரியம்மா எடுத்ததும் சரியான செயல். பலரும் பிளாஸ்டிக் ஷீட்டையோ தார்ப்பாயையோ இழுத்துப் போர்த்திக் கல்லை வைத்துவிடுவார்கள். கூரை வேலை நம் ஊரில் பெரும்பாலும் மாசி முதல் ஆனிக்குள், மழைக்குமுன் நடக்கும். அதாவது வெயில் உச்சத்தில் இருக்கும்போது. இலை தன்னைக் குளிர்வித்துக்கொள்வது நீரை ஆவியாக்கித்தான். ஷீட்டுக்கு உள்ளே காற்று நகராது, ஈரம் நிறைந்துவிடும், ஆவியாதல் நின்றுபோகும். ஒளி உள்ளே போய்க்கொண்டே இருக்கும், வெப்பம் வெளியேற வழியிருக்காது. சித்திரை வெயிலில் ஒரே மதியத்தில் இலை அவிந்துபோக இது போதும். நிழல் வலை, கோணி, நூல் புடவை எதுவானாலும் காற்று புக வேண்டும். நாலு கம்பு நட்டு, இலையில் படாமல் பந்தல் போலக் கட்ட வேண்டும். வேலை நின்றதும் எடுத்துவிட வேண்டும்.

மொட்டைமாடியில் தொட்டிச் செடி வைத்திருப்பவர்கள் அவற்றை இறக்கித்தான் ஆக வேண்டும். ஒரே நாளில் இருட்டு மூலைக்குக் கொண்டுபோனால் இலை உதிரும். முடிந்ததும் ஒரே நாளில் வெயிலுக்குத் திருப்பினால் இலை வெந்துபோகும். இரண்டு பக்கமும் ஒரு வாரம் அவகாசம் கொடுத்தால் போதும்.

மண்ணைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை என்பது எனக்கு நெடுநாளாக மனத்தாங்கல். லாரி வந்து நிற்கும். ஜல்லியை எங்கே கொட்டுவது என்று கேட்பார்கள். மரத்தடி காலியாக இருக்கிறதே என்று நாமே காட்டிவிடுவோம். நல்ல மண்ணில் பாதிக் கன அளவு வெறும் இடைவெளி. அந்த இடைவெளியில் நீரும் காற்றும் மாறி மாறி நிற்கும். வேருக்கும் மூச்சு உண்டு, அதற்கு ஆக்சிஜன் வேண்டும். மரத்துக்கு உணவு உறிஞ்சும் மெல்லிய வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணின் ஓரிரு அடி ஆழத்துக்குள்ளேயே பரவியிருக்கிறது, கிளைகளின் எல்லைக்கு வெளியேயும் போகிறது. அதன்மேல் இரண்டு யூனிட் எம்-சாண்டைக் குவித்து மூன்று மாதம் வைத்தால் வேர் மூச்சுமுட்டும். மா, வேம்பு போன்ற பெரிய மரங்களில் இதன் விளைவு அடுத்த வருடமோ அதற்கடுத்த வருடமோ கிளைநுனி காய்வதாகத் தெரியவரும். அப்போது யாருக்கும் அந்தக் குவியல் நினைவிருக்காது. ஆட்கள் நடக்கும் பாதையில் வைக்கோலைப் பரப்பிப் பழைய பலகைகளைப் போட்டுவிட்டால் மிதிபடும் பாரம் பரவிவிடும். ஈரமண் உலர்மண்ணைவிட எளிதாக இறுகும்; ஆகவே ஆட்கள் நடமாடப்போகிற இடத்துக்கு முதல்நாள் தண்ணீர் விட வேண்டாம்.

பின்கட்டில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட கொட்டகை இருந்தால் அதற்குத் தனிக் கவனம் வேண்டும். உலகச் சுகாதார நிறுவனம் எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸையும் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக வகைப்படுத்தியிருக்கிறது. உடைக்காமல், நனைத்து, முழு ஷீட்டாகக் கழற்றி அப்புறப்படுத்த வேண்டும். உடைந்த துண்டுகளைப் பாத்தி ஓரங்களில் வரப்பாகச் செருகும் பழக்கத்தைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கீரை பறிக்கும் கை தினமும் அதை உரசும்.

இனி மேற்குச் சுவருக்கு வருவோம்.

இட்லிப்பூச் செடிக்கு நேர்மேலே, கைப்பிடிச் சுவரில், தண்ணீர் வடியும் குழாய் நீட்டிக்கொண்டிருந்தது. கான்கிரீட் போட்ட மறுநாள் கொத்தனார்கள் தளத்தின்மேல் சிறு சிறு வரப்பு கட்டி நீரைத் தேக்கினார்கள். கான்கிரீட் காய்ந்து இறுகுவதில்லை. நீரோடு வினைபுரிந்து இறுகுகிறது. அதனால் அதை ஈரமாகவே வைத்திருக்க வேண்டும். இந்தியத் தர நிர்ணய விதி ஐ.எஸ். 456, சாதாரணச் சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள், கலப்புச் சிமெண்டுக்கும் வெப்பமான உலர்ந்த சூழலுக்கும் 10 நாள் என்று சொல்கிறது. ஆயிரம் சதுர அடித் தளத்தில் ஓர் அங்குலம் நீர் நிற்கவைக்க 2,300 லிட்டருக்குமேல் தேவை. வெயிலில் வற்ற வற்றத் தினமும் ஊற்ற வேண்டும். வரப்பு உடையும், நிரம்பி வழியும். வழிந்ததெல்லாம் குழாய் வழியே இட்லிப்பூவின் அடியில் இறங்கியது. நான் கேட்டபோது மேஸ்திரி நல்ல மனதோடுதான் சொன்னார்: “செடிக்கு நல்லதுதானே சார், வெயில் காலத்துல தண்ணி கிடைக்குது.”

அது வெறும் தண்ணீர் அல்ல. சிமெண்ட் நீரோடு சேரும்போது இரண்டு பொருள்கள் முக்கியமாக உருவாகின்றன. ஒன்று, கான்கிரீட்டுக்குப் பலம் தரும் பசை. மற்றொன்று, அதே கால்சியம் ஹைட்ராக்சைடு. இறுகிய சிமெண்டில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அதுதான். தேங்கிய நீர் அதைக் கரைத்து எடுத்துக்கொள்கிறது. பள்ளிக்கூட ஆய்வகத்தில் மூச்சை ஊதிப் பால்போல வெண்மையாக்கினோமே, அந்தச் சுண்ணாம்புத் தெளிநீருக்கு நெருங்கிய உறவு இந்த நீர். பிஎச் அளவு ஒன்று ஏறினால் காரம் பத்து மடங்கு. 7இலிருந்து 12க்குப் போனால் ஒரு லட்சம் மடங்கு. இடித்த பழைய சுண்ணாம்பில் காணாமல்போன காரம் புதிய தளத்திலிருந்து இப்படி வந்துசேர்ந்தது.

மண்ணில் இரும்புக்குப் பஞ்சமே கிடையாது; செம்மண்ணின் நிறமே இரும்புத் துருதான். ஆனால் வேர் எடுத்துக்கொள்வதற்கு இரும்பு கரைய வேண்டும். பிஎச் ஒரு புள்ளி ஏறும்போது இரும்பின் கரைதிறன் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. பச்சையம் தயாராக இரும்பு வேண்டும். செடிக்குள் இரும்பு ஓர் இலையை விட்டு இன்னொன்றுக்கு எளிதில் நகராது. ஆகவே பழைய இலைகள் தம்மிடம் இருப்பதை வைத்துக்கொண்டு பச்சையாகவே இருக்கும். புதிதாகத் துளிர்ப்பவை பட்டினியோடு பிறக்கும். மக்னீசியம் குறைந்தால் இது தலைகீழ்: முதிர்ந்த இலையே முதலில் மஞ்சளாகும். எந்த இலை மஞ்சள் என்று பார்த்தாலே பாதி நோய் தெரிந்துவிடும். இட்லிப்பூ அமில மண்ணை விரும்பும் செடி. மல்லிகை, கறிவேப்பிலை, செம்பருத்தி ஆகியவையும் இந்தக் குறையை விரைவில் காட்டும். தொட்டிச் செடிகளுக்கு ஆபத்து இன்னும் அதிகம். டெல்டாக் களிமண் ஓரளவு காரத்தைத் தாங்கிச் சமாளிக்கும், இரண்டு கூடை மண்ணால் அது முடியாது.

தடுப்பது மிக எளிது, அதுதான் வருத்தமாக இருக்கிறது. வேலை தொடங்குமுன் எல்லா வடிகுழாய்களிலும் ஒரு பிளாஸ்டிக் பைப்பைச் செருகி, செடியில்லாத மூலைக்கு நீட்டிவிட்டால் முடிந்தது. கலவைச் சட்டியும் மிக்சரும் கழுவும் இடமும் அங்கேயே இருக்கட்டும். தேங்கிய நீரின்மேல் வெள்ளை ஆடை படர்வதைக் கொத்தனார்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். கரைந்த சுண்ணாம்பு காற்றின் கரியமில வாயுவைப் பிடித்துக் கல்லாகிறது என்பதற்கு அதுவே சாட்சி. நாளாக நாளாகக் காரம் தணியும். ஆனால் சிமெண்டில் சோடியம், பொட்டாசியம் காரங்களும் இருப்பதால் அந்த நீரை எப்போதும் செடிக்கு ஊற்றாமலிருப்பதே நல்லது. முதல் இரண்டு மூன்று மழையும் புதுத் தளத்தைக் கழுவிக்கொண்டு வரும். அதையும் வெளியே விட்டுவிட்டு, பிறகு தொட்டிகளை மேலே ஏற்றலாம்.

எங்கள் செடிக்கு நாங்கள் செய்தது இது. குழாயடியில் வெள்ளைப் பொருக்குப் படிந்திருந்த மேல்மண்ணை இரண்டு அங்குலம் சுரண்டி எடுத்தோம். மக்கிய தொழுவுரத்தோடு கொஞ்சம் கந்தகத்தூள் கலந்து போட்டோம். மண்ணிலுள்ள பாக்டீரியாக்கள் கந்தகத்தை அமிலமாக்கிக் காரத்தைத் தணிக்கும்; அதற்கு வாரக்கணக்கில் ஆகும். பக்கத்துக் கடைக்காரர் ஜிப்சம் கொடுக்கப் பார்த்தார். களர் மண்ணுக்கு அது மருந்து, இதற்குப் பயன்படாது. இரும்பு சல்பேட்டை மண்ணில் போட்டாலும் அந்தக் காரத்தில் அது துருவாகிக் கிடக்கும். அதனால் இலைவழியாகவே கொடுத்தோம். மல்லிகையில் இதே மஞ்சளுக்கு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும் அளவு லிட்டருக்கு 5 கிராம். மாலை வெயில் தாழ்ந்ததும் தெளித்தோம்.

நாலைந்து நாள் கழித்துப் பெரியம்மா என்னைக் கூப்பிட்டு ஓர் இலையைத் திருப்பிக் காட்டினார். மஞ்சள் இலையில் அங்கங்கே பச்சைப் புள்ளிகள். தெளித்தபோது எங்கெல்லாம் துளி நின்று காய்ந்ததோ அங்கெல்லாம் மட்டும் பச்சை திரும்பியிருந்தது. துளி படாத இடம் மஞ்சளாகவே இருந்தது. அன்று மாலை, இலையின் அடிப்பக்கமும் நனையும்படி, மறுபடி ஒருமுறை தெளித்தார்.