67 நானோ விநாடிதான் டைம்... ஒரு கம்பைலர் செட்டிங்கால் பாதியாகக் குறைந்த நெட்வொர்க் வேகம்! லினக்ஸில் நடந்தது என்ன?

2018 ஏப்ரல் மாதம். லினக்ஸ் கெர்னலின் நெட்வொர்க் பகுதியில் வேலை பார்க்கும் ஜெஸ்பர் டாங்கார்ட் ப்ரௌவர் என்ற பொறியாளர் ஒரு டெஸ்ட் ஓட்டிப் பார்த்தார். ஒரு நெட்வொர்க் கார்டில் வரும் பாக்கெட்டை, டிரைவர் மட்டத்திலேயே பிடித்து வேறு பக்கம் திருப்பிவிடும் டெஸ்ட் அது. அதற்கு முன் விநாடிக்கு சுமார் 1 கோடியே 30 லட்சம் பாக்கெட்டுகளை அசால்ட்டாகக் கையாண்ட சிஸ்டம், இப்போது சுமார் 60 லட்சத்திலேயே மூச்சு வாங்கியது.

கார்டு பழுதாகவில்லை. கேபிளிலும் பிரச்சினை இல்லை. காரணம், கெர்னலை பில்ட் செய்தபோது ஆன் செய்யப்பட்ட ஒரே ஒரு செட்டிங். அதன் பெயர் ரெட்போலின்.

ஒரு செட்டிங் இவ்வளவு வேலை காட்டுமா?

காட்டும். ஏன் என்று புரிய ஒரு சின்ன கணக்கு போதும். 10 ஜிகாபிட் லைனில் மிகச் சிறிய பாக்கெட்டுகள் மட்டுமே வந்தால், விநாடிக்கு கிட்டத்தட்ட 1 கோடியே 49 லட்சம் பாக்கெட்டுகள் வந்து விழும். ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் நேரம் 67 நானோ விநாடி. 3 ஜிகாஹெர்ட்ஸ் சிபியூவில் ஒரு கோருக்கு இது சுமார் 200 துடிப்புகள், அவ்வளவுதான். பாக்கெட்டை எடுக்கணும், யாருக்கு என்று பார்க்கணும், அனுப்பணும், அடுத்ததுக்குத் தயாராகணும். எல்லாம் இந்த 200-க்குள். இதில் ஒரு பாக்கெட்டுக்கு 30 துடிப்பு கூடுதலாகப் போனாலே இடிக்கும்.

டிரைவர் என்பது மனிதர்கள் எழுதிய புரோகிராம். அதை சிபியூவுக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றித் தருவது கம்பைலர். ஒரே புரோகிராமை அது பல விதமாக மாற்ற முடியும். எப்படி மாற்ற வேண்டும் என்று நாம் சொல்வதுதான் பில்ட் செட்டிங்.

டீக்கடை மாஸ்டரும் சிபியூவும்

டீக்கடை மாஸ்டரை கவனிச்சிருக்கீங்களா? வழக்கமான கஸ்டமர் தெருமுனையில் தலையைக் காட்டினாலே, அவர் கேட்கும் முன்பே டீ ஆத்த ஆரம்பிச்சிடுவார். சிபியூவும் இப்படித்தான். புரோகிராம் அடுத்து எந்த இடத்துக்குத் தாவப்போகிறது என்பதை முன்கூட்டியே யூகித்து வேலையைத் தொடங்கிவிடும். யூகம் சரியென்றால் நேரம் மிச்சம்.

இந்த யூகத்தைத் தவறாகப் பழக்கி, கெர்னலில் இருக்கும் ரகசியத் தகவலைக் கசியவைக்கலாம் என்பது 2018 ஜனவரி 3-ம் தேதி உலகத்துக்குத் தெரிந்தது. அதுதான் ஸ்பெக்டர். இன்டெல், ஏஎம்டி என்று பெரிய சிபியூக்கள் எல்லாமே சிக்கின.

அதற்கு கூகுள் பொறியாளர் பால் டர்னர் கண்டுபிடித்த வழிதான் ரெட்போலின். சிபியூவை மாற்றத் தேவையில்லை. முகவரியைப் பார்த்துத் தாவும் இடங்களில் எல்லாம், யூகம் ஒரு முட்டுச்சந்தில் மாட்டிக்கொள்ளும்படி கம்பைலரே வேறு விதமான கட்டளைகளை எழுதிவிடும். அதே மாதம் வந்த ஜிசிசி 7.3 கம்பைலரும், லினக்ஸ் 4.15 கெர்னலும் இதற்குத் தயாராகவே வந்தன. டீக்கடை பாஷையில் சொன்னால், தினம் வரும் ஆளிடமும் "அண்ணே, என்ன வேணும்?" என்று கேட்டு, பதில் வந்த பிறகுதான் பாலையே ஊத்தணும்.

நெட்வொர்க்குக்கு மட்டும் ஏன் இவ்வளவு அடி?

கெர்னலுக்கு நூற்றுக்கணக்கான கார்டுகள் தெரிந்திருக்க வேண்டும். அதனால் "பாக்கெட்டை அனுப்பு" என்ற வேலையை நேரடியாக ஒரு டிரைவரிடம் சொல்லாமல், எந்த டிரைவரோ அதன் முகவரியைப் பார்த்துத் தாவும். மெமரியில் இடம் ஒதுக்குவதற்கு ஒரு தாவல், நெறிமுறைக்கு ஒரு தாவல் என்று ஒரு பாக்கெட்டுக்கே இப்படிப் பல. ஒவ்வொன்றிலும் ரெட்போலின் நிறுத்தினால் 200 துடிப்பு எங்கே போதும்?

பாதுகாப்பை விடவும் முடியாது, வேகத்தை விடவும் முடியாது என்ற நிலை. கடைசியில் 2019 மார்ச்சில் வந்த லினக்ஸ் 5.0-ல் இரண்டு விஷயங்கள் செய்தார்கள். பெரும்பாலான மெஷின்களில் மெமரிக்கான பதில் எப்போதும் ஒன்றுதான் என்பதால், முகவரி தேடாமல் நேரடியாகவே அங்கே போகும்படி கிறிஸ்டோஃப் ஹெல்விக் மாற்றினார். பாவ்லோ அபேனி செய்தது இன்னும் சுவாரஸ்யம். "வந்திருப்பது நம்ம வழக்கமான ஆள்தானா? ஆமாம் என்றால் நேரா போ. இல்லை என்றால் மட்டும் சுற்று வழி." அதாவது மாஸ்டர் முழு ஆர்டரும் கேட்க வேண்டாம், "வழக்கம்போலத்தானே?" என்று கேட்டால் போதும். இழந்த வேகத்தில் கணிசமான பகுதி இப்படித் திரும்பி வந்தது.

அப்போ செட்டிங்கை ஏத்திவிட்டா போதுமா?

பலரும் செய்யும் தப்பு இது. கம்பைலரில் ஓ2, ஓ3 என்று வேக நிலைகள் உண்டு. 3 பெரிசு, அதனால் வேகம் என்று தோன்றும். ஆனால் ஓ3 புரோகிராமின் அளவை ஊதிப் பெருக்கலாம். சிபியூவுக்குள் இருக்கும் குட்டி மெமரியில் அது அடங்காவிட்டால் வேகம் குறையத்தான் செய்யும். 2022-ல் ஓ3-யை எல்லா மெஷின்களுக்கும் திறந்துவிடும் யோசனை வந்தபோது லினஸ் டோர்வால்ட்ஸ் அதை ஏற்கவில்லை. கெர்னல் இன்றும் ஓ2-வில்தான் ஓடுகிறது.

இன்னொரு பக்கம், பிழை கண்டுபிடிக்கும் டீபக் செட்டிங்குகளை ஆஃப் செய்ய மறந்துவிட்டு, "கார்டு ஸ்லோ" என்று புலம்புபவர்களும் இருக்கிறார்கள். மெமரி பிழை தேடும் கேசான் ஆன் ஆகியிருந்தால் எந்தக் கார்டும் ஸ்லோதான்.

உங்க போனில் ரீல்ஸ் ஓடும் வேகத்தை இதெல்லாம் நேரடியாகப் பாதிக்காது. அந்த அளவுக்கு பாக்கெட்டுகள் அங்கே வருவதில்லை. அடி விழுவது டேட்டா சென்டர்களிலும், ஒரே நேரத்தில் கோடிக்கணக்கில் குப்பை பாக்கெட்டுகளைக் கொட்டும் சைபர் தாக்குதலைத் தடுக்கும் சர்வர்களிலும். அங்கே வேகம் பாதியானால் சர்வர் இரண்டு மடங்கு வாங்கணும்.

ரெட்போலினை ஆஃப் செய்யவும் வழி இருக்கிறது. பூட் ஆகும்போது ஒரு வரி கொடுத்தால் போதும், பழைய வேகம் வந்துவிடும். ஆனால் பலர் பகிர்ந்து பயன்படுத்தும் கிளவுட் சர்வரில் அதைச் செய்தால், பக்கத்தில் இருப்பவர் உங்கள் ரகசியத்தை எட்டிப் பார்க்கக் கதவைத் திறந்து வைத்த மாதிரி. தன்னுடைய புரோகிராமைத் தவிர வேறு எதுவும் அந்த மெஷினில் ஓடாது என்று உறுதியாகத் தெரிந்தவர்கள்தான் அந்த வரியைத் தொடுகிறார்கள்.