ஐவர் பெற்ற பட்டம்

புனே நகரில் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பத்தாரில் கார்வே சாலையை அறியாதவர் அரியர். டெக்கன் ஜிம்கானாவிலிருந்து கோத்ருட் நோக்கிச் செல்லும் அச்சாலையில் நம்மவர் பலர் நாள்தோறும் போய் வருகின்றனர். ஆயினும், அச்சாலைக்குப் பெயர் தந்த பெரியார் யார், அவர் ஆற்றிய பணி யாது, அப்பணியால் நம் இல்லத்துப் பெண்களுக்கு விளையக்கூடிய நன்மை என்ன என்பவற்றை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்? அதனை அன்பர்களுக்கு நினைவூட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெண் கல்வியில் புனே மூத்த ஊர். 1848ஆம் ஆண்டிலேயே புத்வார் பேட்டையின் பிடே வாடாவில் ஜோதிராவ் பூலேயும் அவர் மனைவி சாவித்திரிபாயும் பெண்களுக்கெனப் பள்ளி திறந்தனர். பாடம் சொல்லிக் கொடுக்கத் தெருவில் நடந்து சென்ற சாவித்திரிபாயின் மீது சாணத்தையும் சேற்றையும் வாரி எறிந்தனர் ஊரார். அம்மையார் மனந்தளரவில்லை, மாற்றுச் சேலை ஒன்றைக் கையோடு கொண்டு சென்று, பள்ளியில் உடுத்திக்கொண்டு, பாடம் நடத்தினார் என்பர். புனேப் பல்கலைக் கழகம் 2014 முதல் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

கணக்காசிரியரின் கனவு

தோண்டோ கேசவ கார்வே 1858ஆம் ஆண்டு கொங்கணத்தில் பிறந்தவர். 1891 முதல் புனேயின் பெர்குசன் கல்லூரியில் கணிதம் போதித்தார். மனைவியை இழந்தபின், 1893இல் கோதுபாய் என்னும் இளம் விதவையை மணந்தார். அந்நாளில் இது சிறு செயலன்று. சொந்த ஊரார் அவரை விலக்கி வைத்தனர். கார்வேயோ, ஒரு விதவைக்கு வாழ்வு கிடைத்தால் போதாது, அனைவருக்கும் சொந்தக் காலில் நிற்கும் வழி வேண்டும் என்று கருதினார். 1896இல் விதவையர்க்கு ஓர் இல்லம் நிறுவினார். 1900இல் அவ்வில்லம் ஊருக்கு வெளியே ஹிங்கணே என்ற சிற்றூரில் ஒரு குடிசைக்கு மாறியது. கல்லூரி வேலை முடிந்ததும் அவர் அங்கே நடந்தே செல்வார். மறுநாள் காலை நடந்தே திரும்புவார். அந்த ஹிங்கணேயே இன்று கார்வே நகர்.

ஜப்பானில் 1901இல் தொடங்கப்பெற்ற மகளிர் பல்கலைக் கழகத்தைப் பற்றிய சிறு நூல் ஒன்று அவர் கைக்குக் கிட்டியது. அதனைப் படித்ததும் நம் நாட்டிலும் அவ்வாறு ஒன்று வேண்டும் என்ற எண்ணம் அவருள் வேரூன்றிற்று. 1916இல் விரல் விட்டு எண்ணத்தக்க மாணவியரைக் கொண்டு இந்திய மகளிர் பல்கலைக் கழகத்தைத் தொடங்கினார். 1921இல் முதன்முதலாகப் பட்டம் பெற்றவர் ஐவர்.

இங்கே ஒன்றை ஊன்றிக் கவனித்தல் வேண்டும். அந்த ஐவர் பெற்ற பட்டத்திற்கு அரசின் அங்கீகாரம் இல்லை. சட்டப்படியான அங்கீகாரம் கிட்டியது 1951ஆம் ஆண்டில்தான். அதாவது, தொடங்கி 35 ஆண்டுகள் கழித்து! பட்டத்தைக் காட்டி அரசு வேலை கேட்க இயலாது என்று தெரிந்தும் பெண்கள் படிக்க வந்தனர், பெற்றோர் அனுப்பினர். 1920இல் விட்டல்தாஸ் தாக்கர்சி என்ற பம்பாய்ச் செல்வர் தம் அன்னையின் நினைவாக 15 லட்ச ரூபாய் வழங்கினார். அன்று முதல் அது ஸ்ரீமதி நாதிபாய் தாமோதர் தாக்கர்சி மகளிர் பல்கலைக் கழகம் ஆயிற்று. நாம் எஸ்.என்.டி.டி. என்று சுருக்கி வழங்குவது அதனையே. 1936இல் தலைமையிடம் பம்பாய்க்கு மாறினும், கார்வே சாலையில் அதன் வளாகம் இன்றும் சிறந்து விளங்குகிறது.

குடியேறி வாழும் நமக்குத் தனிப்பட்ட உவகை தரும் செய்தி மற்றொன்றுண்டு. எழுபது வயது கடந்தபின், 1930இன் இறுதியில், கார்வே ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேறினார். மொம்பாசா, உகாண்டா, சான்சிபார், தென்னாப்பிரிக்கா என இந்தியர் குடியேறியிருந்த நாடுகளில் ஏறத்தாழப் பதினைந்து மாதங்கள் சுற்றித் தம் பணியை எடுத்துரைத்தார். 1958இல் பாரத ரத்னா விருது பெற்று, 1962இல் 104ஆம் வயதில் மறைந்தார்.

நம் தமிழகமும் பின்தங்கி நிற்கவில்லை. சிறு வயதிலேயே விதவையான சகோதரி சுப்புலட்சுமி 1911இல் சென்னையில் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டே இளம் விதவையரைத் தம் இல்லத்தில் வைத்துப் படிக்கச் செய்தார். புனேயில் கார்வே செய்ததும் சென்னையில் அம்மையார் செய்ததும் ஒரே வேள்வியே.

வாயிலைத் திறந்தால் போதுமா?

கார்வேயின் பல்கலைக் கழகத்தில் இரண்டு சிறப்புக்கள் இருந்தன. ஒன்று, தாய்மொழி வாயிலாகப் பாடம், ஆங்கிலமும் கற்பிக்கப்பட்டது. மற்றொன்று, கல்லூரிக்கு வர இயலாத பெண்கள் வீட்டிலிருந்தே படித்துத் தேர்வெழுத அனுமதி. இடையில் படிப்பை விட்ட பெண்ணும் மீண்டும் தொடரலாம் என்பதே இதன் பொருள்.

வாயில் திறந்தபின்னும் உள்ளே வருவோர் சிலராகவே இருப்பானேன்? வீட்டில் பெண் செய்யும் வேலை வேலையாகக் கணக்கிடப்படாதது ஏன்? இத்தகைய வினாக்களை ஆராயவும் கலாசாலைகள் முன்வந்தன. 1974இல் எஸ்.என்.டி.டி.யில் நீரா தேசாய் அம்மையார் மகளிரியல் ஆய்வுப் பிரிவைத் தொடங்கினார். இந்தியப் பல்கலைக் கழகங்களில் அதுவே முதலாவது. 1987இல் புனேப் பல்கலைக் கழகத்திலும் மகளிரியல் மையம் ஏற்பட்டது. சாதியும் வறுமையும் பெண்ணின் கல்வியை எவ்வாறு தடுக்கின்றன என்பதை ஷர்மிளா ரேகே முதலிய அறிஞர்கள் அங்கே ஆராய்ந்து எழுதினர்.

பெண்ணின் மானத்திற்குக் காவலாகச் சட்டமும் வந்துள்ளது. 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின்படியும் பல்கலைக் கழக மானியக் குழுவின் 2015ஆம் ஆண்டு விதிகளின்படியும் ஒவ்வொரு கல்லூரியிலும் பாலியல் தொல்லை பற்றிய புகார்களை விசாரிக்க ஓர் உட்குழு இருத்தல் வேண்டும். அதற்கு ஒரு பெண்மணியே தலைமை தாங்குவார். நிகழ்ச்சி நடந்த மூன்று மாதங்களுக்குள் எழுத்து மூலம் புகார் தருவது முறை. "கல்லூரியில் சங்கடம்" என்று மகள் சொன்னால், படிப்பை நிறுத்தி வீட்டில் இருத்துவது தீர்வன்று. குழுவை நாடச் செய்து, அவள் பக்கம் நிற்பதே பெற்றோர் கடமை.

நம் இல்லங்களில்

இனி நம்மவர் நிலையை நோக்குவோம். ரயில்வேயிலும் பிற இலாகாக்களிலும் பணிபுரிவோர் மாற்றல் உத்தரவு வந்தால் மூட்டை கட்ட வேண்டியவர்கள். திருநெல்வேலியில் தமிழில் படித்த சிறுமி புனே வந்து மராத்தியிலும் ஆங்கிலத்திலும் திணறுகிறாள். மகனுக்கு டியூஷன் வைக்கும் தந்தை, மகள் விஷயத்தில், "இவ்வளவு படித்தது போதும், ஊரில் வரன் பார்க்கலாம்" என்று முடித்துவிடுகிறார். அடுப்பூதும் பெண்களுக்குப் படிப்பெதற்கு என்ற பழமொழி ரயிலேறி நம்மோடு வந்து சேர்ந்திருக்கிறது!

சலுகைகளிலும் நாம் இரண்டு கரைக்கும் நடுவில் நிற்கிறோம். 2022இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிட்டுகிறது. ஆனால் அது தமிழ்நாட்டுப் பள்ளிகளில் படித்தவர்க்கே உரியது. மகாராஷ்டிர அரசு, ஆண்டு வருமானம் 8 லட்சத்திற்கு உட்பட்ட, குறிப்பிட்ட பிரிவுகளைச் சேர்ந்த குடும்பங்களின் பெண்களுக்குத் தொழிற்படிப்புக் கட்டணத்தை ஏற்பதாக 2024இல் ஆணையிட்டது. இதற்கு வேண்டிய வருமானச் சான்று, வசிப்பிடச் சான்று முதலியவற்றைக் கடைசி நாளில் தேடி ஓடுவதால் பயனில்லை. பள்ளி இறுதி வகுப்பிலேயே கல்லூரி அலுவலகத்தில் விசாரித்துச் சேகரித்து வைத்தல் நலம்.

திருமணத்தால் படிப்பு நின்ற சகோதரியர்க்கும் வழியுண்டு. 1985இல் தொடங்கிய இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக் கழகத்தின் மண்டல மையம் புனேயில் இருக்கிறது. குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வீட்டிலிருந்தே படிக்கலாம். கணவன்மார் செய்ய வேண்டியது ஒன்றுதான்: தேர்வு நாட்களிலாவது சமையற்கட்டுப் பொறுப்பை ஏற்றுக்கொள்வது.

நம் சங்கத்திற்கும் ஒரு விண்ணப்பம். ஆண்டுதோறும் பொங்கல் விழாவுக்கும் கச்சேரிக்கும் மனமுவந்து நிதி திரட்டுகிறோம். பள்ளித் தேர்வு முடிவுகள் வெளியாகும் மாதத்தில், ஞாயிற்றுக்கிழமைதோறும் இரண்டு மணி நேரம், மராத்தி அறிந்த அன்பர் இருவர் சங்கத்தில் அமர்ந்து, கல்லூரிச் சேர்க்கைப் படிவங்களை நிரப்பத் துணை புரிந்தால் செலவு எதுவும் இல்லை. அதனால் நம் பெண்மணிகளில் ஒருத்தியின் படிப்பு நில்லாமல் தொடர்ந்தாலும் அது பெரும் பேறே.

செல்லாது என்று உலகம் சொன்ன பட்டத்தை நூறாண்டுகளுக்கு முன்னர் ஐந்து பெண்கள் பெற்றனர். இன்று செல்லும் பட்டம் நம் வாயிலருகே காத்திருக்கிறது. அதனை நம் பெண்கள் பெறாமற் போவார்களாயின், அக்குறை அவர்களுடையதன்று; நம்முடையதே.