குளிர்தேசத்து வீடு – 9: பேஸ்மென்டிலிருந்து ஒரு சத்தம்

டொரொன்டோ பக்கத்து வீடுகள் பெரும்பாலானவற்றின் அடித்தளத்தில் ஓர் ஃபர்னஸ் இருக்கும். இயற்கை எரிவாயுவை எரித்து, அந்தச் சூட்டால் காற்றைச் சூடாக்கி, தகரக் குழாய்கள் வழியே அறை அறையாக அனுப்புகிற ஆளுயரப் பெட்டி அது. வெளியே மைனஸ் 20 டிகிரி இருக்கும் இரவில் அது நின்றுவிட்டால், விடிவதற்குள் வீடு சில்லிட்டுப் போகும். அப்படியே நீடித்தால் தண்ணீர்க் குழாய்களும் உறைந்து வெடிக்கும். அதனால்தான் அந்தப் பெட்டியிலிருந்து புதிதாக ஒரு சத்தம் வந்தால் எல்லோருக்கும் வயிற்றில் புளி கரைகிறது.

என்ன மாதிரிச் சத்தம் என்பதைத்தான் எல்லோரும் விவரிப்பார்கள். எப்போது வந்த சத்தம் என்பது அதைவிட முக்கியம். ஃபர்னஸ் தன் வேலைகளை எப்போதும் ஒரே வரிசையில்தான் செய்யும். அந்த வரிசை காதுக்குப் பழகியிருந்தால் பாதிக் கோளாறு தானாகவே பிடிபடும்.

வீடு குளிர்ந்ததும் தெர்மோஸ்டாட் சூடு கேட்கும். முதலில் சின்ன விசிறி ஒன்று உர்ரென்று கிளம்பும். புகையை வெளியே தள்ளுகிற இன்ட்யூசர் அது. புகைவழி திறந்திருக்கிறது என்று அழுத்த ஸ்விட்ச் ஒன்று உறுதிசெய்த பிறகுதான் அடுத்த படி. இக்னைட்டர் சிவக்கச் சிவக்கச் சூடாகும். ‘டக்’ என்று வால்வு திறக்கும். மெல்லிய ‘ஃபுஸ்’ஸோடு பர்னர்கள் வரிசையாகப் பற்றிக்கொள்ளும். அரை நிமிடம், ஒரு நிமிடம் கழித்துத்தான் பெரிய விசிறியான புளோயர் சுழலத் தொடங்கி வீடெங்கும் காற்று வரும். தீ அணைந்த பிறகும் மிச்சச் சூட்டை எடுக்க அது சற்று நேரம் ஓடும். குளிர்காலம் தொடங்கும்போதே ஒருநாள் பக்கத்தில் நின்று இந்த வரிசையை முழுதாகக் கேட்டுவைப்பது நல்லது.

பற்றும் கணத்தில் ‘டமார்’ என்று கேட்டால் அலட்சியமே கூடாது. கேஸ் அடுப்பைத் திறந்துவிட்டுத் தீப்பெட்டியைத் தேடிப் பிறகு கொளுத்தினால் ‘பக்’கென்று முகத்துக்கு வருமே, அதே கதைதான். பர்னரில் தூசியோ துருவோ அடைத்திருந்தால் தீ உடனே பரவாது. அதற்குள் உள்ளே எரிவாயு சேர்ந்துவிடும். பிறகு மொத்தமாகப் பற்றும்போது சின்ன வெடிப்பாகவே பற்றும். ஒவ்வொரு முறையும் இப்படி அதிர்ந்தால் சூடு மாற்றுகிற உலோக அறை பழுதாகலாம். தீ வெளிப்பக்கம் புரளவும் கூடும். இரண்டாவது முறை கேட்கும்வரை காத்திருக்காமல் அணைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

அதே ‘டமார்’ புளோயர் ஓடத் தொடங்கிய பிறகு, அல்லது நின்ற பிறகு, சுவருக்குள்ளிருந்து வந்தால் பெரும்பாலும் வேறு விஷயம். சூட்டில் விரிந்து, ஆறும்போது சுருங்குகிற தகரக் குழாய் ‘டொப்’பென்று மடிந்து நிமிர்கிறது. தூக்கத்தைக் கெடுக்குமே தவிர ஆளைக் கெடுக்காது. சத்தம் ஒன்றே என்றாலும் ஒரு நிமிட இடைவெளியில் அதன் பொருள் அடியோடு மாறிவிடுகிறது.

இன்னொரு வழக்கமான கோளாறு: தீ பற்றுகிறது, சில நொடியில் அணைகிறது, மறுபடி ‘டக்’, மறுபடி தீ, மறுபடி அணைப்பு. சில முறை முயன்றுவிட்டு இயந்திரம் தன்னைத்தானே பூட்டிக்கொள்ளும். பர்னருக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய கம்பி ஒன்றில் படலம் படிந்திருப்பதே பல வீடுகளில் காரணம். தீச்சுடர் மின்சாரத்தைக் கடத்தும். சுடர் வழியே பாயும் மிகச் சிறிய மின்னோட்டத்தை அளந்துதான் தீ எரிகிறது என்று இயந்திரம் தெரிந்துகொள்கிறது. கம்பியில் அழுக்கு ஏறினால், எரிகிற தீ அதன் கணக்கில் எரியாத தீ. உடனே எரிவாயுவை நிறுத்திவிடும். எரிச்சலூட்டும் கோளாறுதான், ஆனால் இயந்திரம் நம்மைக் காக்கவே அப்படி நடந்துகொள்கிறது. திரும்பத் திரும்ப ஸ்விட்சைத் தட்டி அதைக் கட்டாயப்படுத்தக் கூடாது.

‘ஊய்’ என்று விசில் அடித்தால் முதலில் ஃபில்டரைப் பாருங்கள். தூசி அடைத்து மூச்சு முட்டியிருக்கும். அதை மாற்ற யாரையும் கூப்பிட வேண்டாம். ‘கிறீச்’ என்றால் மோட்டாரின் பேரிங் தேய்கிறது. இரும்போடு இரும்பு உரசுகிற சத்தம் வந்தால் புளோயரின் சக்கரம் கழன்று கூட்டில் மோதுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். அந்த நிமிடமே அணைத்துவிட வேண்டும்.

‘களுக் களுக்’ என்று தண்ணீர்ச் சத்தம் கேட்டால் பலர் திகைக்கிறார்கள். எரிவாயு எரியும்போது நீராவியும் பிறக்கிறது. பழைய ஃபர்னஸ்கள் அதைச் சூடான புகையோடு சிம்னி வழியே அனுப்பிவிடும். கனடாவில் 2010 முதல் புதிதாக வரும் எரிவாயு ஃபர்னஸ்களுக்குக் குறைந்தது 90 விழுக்காடு செயல்திறன் வேண்டும் என்று விதி வந்தது. அந்த அளவை எட்ட, புகையிலிருக்கும் நீராவியைக் குளிரவைத்து அதன் சூட்டையும் பிடுங்கிக்கொள்கிறார்கள். குளிர்ந்த ஆவி தண்ணீராகி ஒரு சின்னக் குழாயில் வடிகிறது. அந்தக் குழாய் அடைத்தால்தான் களுக் சத்தம். புகை ஆறிவிடுவதால் பிளாஸ்டிக் குழாய் வழியே பக்கச் சுவரில் வெளியேறுகிறது. பெரும்பனி கொட்டிய காலையில் அந்தக் குழாய் வாய் மூடியிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

ஸ்கார்பரோவிலும் பிராம்டனிலும் புதிதாக வந்த நம்மவர் எத்தனையோ பேர் பேஸ்மென்டில்தான் குடியிருக்கிறார்கள். ஃபர்னஸ் அவர்கள் தலைமாட்டுக்கு அடுத்த அறையில். சத்தம் கேட்பது அவர்களுக்கு, தெர்மோஸ்டாட் இருப்பதோ மேலே வீட்டுக்காரரிடம். வாடகைக்கு இருப்பவர், அதுவும் மாணவர், தொந்தரவு செய்வானேன் என்று பேசாமல் இருந்துவிடுகிறார். இது என்னை உண்மையாகவே கவலைப்படுத்துகிறது. “அண்ணை, ஃபர்னஸ் சத்தம் போடுது” என்றால் மேலே இருப்பவருக்கு ஒன்றும் விளங்காது. “அண்ணை, தொடங்கேக்க ஒண்டுமில்லை, காத்து வரத் தொடங்கின உடனதான் கிறீச்செண்டுது. மூண்டு நாளா இருக்கு” என்று சொல்லுங்கள். திருத்த வருகிறவருக்கும் அதே வாக்கியம் போதும். ஒன்டாரியோவில் எரிவாயுச் சாதனத்தைத் தொட உரிமம் பெற்ற தொழில்நுட்பர்தான் வர வேண்டும். தெரிந்தவர், மலிவாகச் செய்வார் என்று யாரையும் உள்ளே விடக் கூடாது.

இவ்வளவுக்கும் பிறகு, உயிரைப் பறிக்கக்கூடிய கோளாறு சத்தமே போடாமல் இருக்கலாம். எரிவது அரைகுறையாக எரிந்தாலோ, புகைவழி அடைத்தாலோ, கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் சேரும். நிறமில்லை, மணமில்லை. எரிவாயுக் கசிவு தெரிய வேண்டும் என்று கலக்கிற நாற்றம் இதில் இருக்காது. 2008 டிசம்பரில் ஒன்டாரியோவின் வுட்ஸ்டாக்கில், எரிவாயுக் கணப்பின் புகைவழி அடைத்து, ஹாக்கின்ஸ் குடும்பத்தில் தாய், தந்தை, இரண்டு பிள்ளைகள் என நால்வரும் இறந்தார்கள். வீட்டில் இந்த வாயுவை உணரும் அலாரம் இல்லை. உறவினரான ஜான் கின்யாக் ஓய்வுபெற்ற தீயணைப்பு வீரர். அவர் ஆண்டுக்கணக்கில் போராடியதன் பயனாக 2013-இல் ஹாக்கின்ஸ் கின்யாக் சட்டம் நிறைவேறியது. எரிபொருள் எரிக்கும் வீடுகளில் உறங்கும் இடத்துக்கு அருகே அலாரம் கட்டாயமானது. வாடகை வீட்டில் அது வேலை செய்கிறதா என்று பார்ப்பது வீட்டுக்காரர் பொறுப்பு. பேஸ்மென்டில் படுப்பவருக்கும் இது பொருந்தும். இல்லையென்றால் தயங்காமல் கேளுங்கள்.

அந்த அலாரத்தின் சத்தத்தையும் புகை அலாரத்தின் சத்தத்தையும் பிரித்தறிய வேண்டும். மூன்று மூன்றாகக் கூவினால் புகை. நான்கு நான்காகக் கூவினால் கார்பன் மோனாக்சைடு. எப்போதாவது ஒற்றைக் ‘கீச்’ என்றால் பெரும்பாலும் பேட்டரி தீர்கிறது. நான்கு கேட்டால் ஜன்னலைத் திறந்துகொண்டு நிற்காமல், மேலே கீழே எல்லோரையும் எழுப்பிக்கொண்டு வெளியேறுங்கள். கோட்டு தேடி நேரம் போக்காதீர்கள். வெளியே நின்று 911-ஐ அழையுங்கள். வீடு பாதுகாப்பானது என்று அவர்கள் சொல்லும்வரை, எவ்வளவு குளிரானாலும், உள்ளே போக வேண்டாம்.

அடுத்த வாரம்: குளிர்கால வீட்டுக்குள் காற்று ஏன் இத்தனை வறண்டு போகிறது?