வாலுக்கு 15 டாலர்

கியூபெக் நகரிலிருந்து செயின்ட் லாரன்ஸ் ஆற்றின் வடகரையோடு போகும் நெடுஞ்சாலை, 200 கிலோமீட்டர் தாண்டியதும் தண்ணீரில் போய் முடிகிறது. குறுக்கே சாகெனே ஆறு. பாலம் கிடையாது. காரோடு ஃபெர்ரியில் ஏறினால் பத்து நிமிடத்தில் அக்கரை. இரவு பகல் பாராமல் ஓடுகிறது, டிக்கெட்டும் இல்லை. இறங்கும் ஊர் தடூசாக்.

ஆயிரம் பேர்கூட வசிக்காத ஊருக்கு வரலாறு மட்டும் ஏராளம். பியேர் ஷோவேன் என்ற பிரெஞ்சு வணிகர் 1600-இல் இங்கே தோல் வியாபாரத்துக்குக் கடை போட்டார். பனிக்காலத்தைக் கழிக்க விட்டுப்போன 16 பேரில் பிழைத்தவர்கள் ஐந்தே பேர், அதுவும் உள்ளூர்ப் பழங்குடியினரிடம் தஞ்சம் புகுந்ததால். 1747-இல் எழுப்பிய சின்ன மரக்கோயில் இன்றும் ஆற்றைப் பார்த்தபடி நிற்கிறது.

ஊருக்கு முன்னால் ஆற்றில் திமிங்கலங்களும் உண்டு. அவை இங்கே வருவது சாப்பாட்டுக்கு. கடலிலிருந்து ஆற்றுக்கடியில் நீண்டு வரும், 300 மீட்டருக்கும் மேல் ஆழமான பள்ளம் இந்த ஊரருகே சட்டென்று மேடாகிறது. கடல் ஏறும்போது அடியில் கிடக்கும் குளிர்ந்த நீர் மோதி மேலே வருகிறது. கூடவே கிரில் என்ற கூனிவகையும். நீலத் திமிங்கலம்கூட இந்தப் பந்திக்கு வருவதுண்டு. கோடை முடிந்ததும் பெரியவை கிளம்பிவிடும். பெலுகா எனும் வெண்திமிங்கலம் மட்டும் ஆண்டு முழுவதும் இங்கேயே குடித்தனம்.

அந்தப் பெலுகாவுக்குத்தான் 1930-களில் விலை வைத்தார்கள். கொன்றதற்கு அடையாளமாக வாலைக் கொண்டுவந்தால் மாகாண அரசு 15 டாலர் தந்தது. காட் மீனையும் சால்மனையும் தின்று தீர்க்கிறது என்பது குற்றச்சாட்டு. வதீம் விளாடிகோவ் என்ற மீனியல் அறிஞர் பெலுகாக்களின் வயிற்றைக் கீறிப் பார்த்து, பழி பெரும்பாலும் வீண் என்று காட்டினார். வேட்டைக்கு முழுத் தடை வந்ததோ 1979-இல்தான். அதற்குள் ஆலைக் கழிவு தன் வேலையைத் தொடங்கியிருந்தது. கரை ஒதுங்கிய உடல்களில் ஆராய்ச்சியாளர்கள் புற்றுநோயைக் கண்டார்கள். ஒரு காலத்தில் பத்தாயிரம் வரை இருந்திருக்கும் என்கிறார்கள். 2023-இல் வெளியான மதிப்பீடு இரண்டாயிரத்தை ஒட்டி நிற்கிறது.

இன்று ஊரே திமிங்கலத்தை வைத்துப் பிழைக்கிறது. துறையில் பெரிய படகும் உண்டு, ஆட்களுக்கு ஆரஞ்சு உடுப்பு மாட்டி அழைத்துப் போகும் ரப்பர் படகும் உண்டு. என்னைக் கேட்டால் இரண்டும் வேண்டாம். பெலுகாவிடமிருந்து 400 மீட்டர் விலகியிருக்க வேண்டும் என்பது சட்டம். காசு கொடுத்தும் கிட்டே போக முடியாது. தாயும் குட்டியும் ஒன்றையொன்று குரல் கொடுத்தே தேடிக்கொள்பவை. இன்ஜின் இரைச்சல் அதைத்தான் முதலில் விழுங்குகிறது.

ஊர்முனையில் லிஸ்லே பாறைகள் இருக்கின்றன. அங்கே உட்கார்ந்தால் மிங்கி திமிங்கலம் மூச்சுவிடும் சத்தம் காதில் விழும் தூரத்தில் வந்துபோகும். தொலைவில் வெள்ளையாகத் தெரிவது நுரையா, பெலுகாவா என்ற குழப்பம் முதலில் எல்லோருக்கும் வரும். நுரை கலைந்துவிடும், பெலுகா சற்று நகர்ந்து மறுபடி முதுகு காட்டும். இன்னும் பொறுமை உள்ளவர்கள் சாகெனேயில் மேலே ஏறி சேன்ட் மார்கரீத் விரிகுடாவுக்குப் போகலாம். பெலுகாக்கள் குட்டிகளோடு தங்கும் அந்த இடத்தில் கோடையில் படகுக்கே அனுமதியில்லை; கரையிலிருந்துதான் பார்க்க வேண்டும். பைனாகுலரோடு ஸ்வெட்டரும் அவசியம். ஆகஸ்டிலும் ஆற்றுக்காற்று பல்லைக் கிட்ட வைக்கும்.