ஸ்கேட் ஷூவைக் கைப்பையில் வையுங்கள், ஆலன் கீயை வைக்காதீர்கள்

2025 செப்டம்பரில் சீனாவின் பெய்டைஹேயில் சென்னைப் பையன் ஆனந்த்குமார் வேல்குமார் 1000 மீட்டர் ஸ்கேட்டிங்கில் உலகச் சாம்பியன் ஆனார். நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கும் அந்த ஆசை உண்டு. வெளிமாநிலப் போட்டிக்குப் போக, கொடைரோட்டிலிருந்து வாடிப்பட்டி, சமயநல்லூர் வழியாக மதுரை விமான நிலையத்துக்குப் பையும் கையுமாகக் கிளம்புகிறார்கள்.

அக்கா மகள் கிளம்பியபோது, அவள் பையைத் திராட்சை நிறுக்கும் தராசில் தொங்கவிட்டுப் பார்த்தோம். ஷூ, ஹெல்மெட், முட்டிக் காப்பு எல்லாம் சேர்ந்து ஆறரை கிலோ. உள்நாட்டு விமானங்களில் சாதாரண வகுப்புக்குப் பெரும்பாலும் 7 கிலோ, ஒரே பை என்பதுதான் கணக்கு. நிம்மதியாகப் போனோம். ஸ்கேன் மிஷினில் பை நின்றுவிட்டது. பக்க ஜிப்புக்குள் சக்கரம் முடுக்கும் ஆலன் கீயும் ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவரும் கிடந்தன. இரண்டையும் அங்கேயே விட்டுவிட்டு வந்தாள். போட்டி நாளன்று அடுத்த அணிக்காரர்களிடம் ஆலன் கீ இரவல் வாங்கித்தான் சக்கரத்தை முடுக்கினாள்.

விமானப் பாதுகாப்புப் பணியகத்தின் தடைப் பட்டியலில் கிரிக்கெட் மட்டை, ஹாக்கி மட்டை, கோல்ஃப் கோல், வில் அம்பு எல்லாம் பேர் சொல்லி வருகின்றன. கைக்கருவிகளும் வருகின்றன. இவையெல்லாம் செக்-இன் பெட்டியில்தான் போக வேண்டும். சக்கர ஸ்கேட்டின் பேர் அதில் இல்லை. ஆனாலும் சோதிக்கும் அதிகாரி சொல்வதே முடிவு. அவர் மறுத்தால் வாக்குவாதம் வேண்டாம். கவுண்டருக்குத் திரும்பிப் போய் ஷூவைச் செக்-இன்னில் சேர்க்க முடியுமா என்று கேளுங்கள். அதற்கு நேரம் வேண்டும், ஆகவே இரண்டு மணி நேரம் முன்னதாகவே போய்விடுங்கள். பனிச்சறுக்கு ஷூவில் பிளேடு இருப்பதால் அதைப் பெட்டியில் போடுவதே நல்லது. பவர் பேங்க் மட்டும் இதற்கு நேர்மாறு, அது கைப்பையில்தான் வர வேண்டும்.

ஷூ கையோடு இருக்கட்டும் என்று ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்? 2022 டிசம்பரில் கிரிக்கெட் வீரர் தீபக் சாஹர் வங்கதேசத்தில் இறங்கியபோது அவர் பெட்டிகள் வந்து சேரவில்லை, மறுநாள் ஆட்டம். இந்திய அணி வீரருக்கே அந்தக் கதி. பண விஷயமும் இருக்கிறது. உள்நாட்டுப் பயணத்தில் பெட்டி தொலைந்தாலும் உடைந்தாலும் விமான நிறுவனத்தின் பொறுப்பு பயணி ஒருவருக்கு 20,000 ரூபாய் வரைதான். நல்ல ஸ்பீடு ஸ்கேட் அதைவிட எத்தனையோ மடங்கு விலை. பெட்டியில்தான் போட்டாக வேண்டும் என்றால், கவுண்டரிலேயே கூடுதல் மதிப்பை அறிவித்து, அதற்குரிய கட்டணத்தைக் கட்டலாம். இந்த உரிமை இருப்பது பலருக்குத் தெரியாது.

திரும்பும்போது களைப்பில் ஷூவையும் பெட்டியில் போட்டோம். பிரேம் விரிசல் விட்டிருந்ததை வீட்டுக்கு வந்துதான் பார்த்தோம். பெல்ட் பக்கத்திலேயே திறந்து பார்த்திருக்க வேண்டும். அங்கேயே விமான நிறுவன மேசையில் சேத அறிக்கை எழுதி, நகல் வாங்கியிருக்க வேண்டும். அது தவறினாலும் 7 நாளுக்குள் எழுத்தில் புகார் தரலாம்; பெட்டி தாமதமாக வந்திருந்தால் 21 நாள். பெட்டியில் ஒட்டிய டேக்கையும் போர்டிங் பாஸையும் தூக்கிப் போடாதீர்கள்.

நிறுவனம் கைவிரித்தால் ஏர்சேவா தளத்திலும், நுகர்வோர் உதவி எண் 1915-லும் முறையிடலாம். அதற்கும் மசியாவிட்டால் திண்டுக்கல் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போட 2019-ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. 2 ஆண்டு அவகாசம். சேவைக்குக் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமே கிடையாது.

இப்போதெல்லாம் ஜிப்பை மூடும் முன் அக்கா ஷூவை நான்கு பக்கமும் போனில் படம் எடுத்துக்கொள்கிறாள், கடை ரசீதையும் சேர்த்து.